நாலு திசை, நாலு நாற்காலி

பழைய சட்டமன்றங்களின் உறுப்பினர் பட்டியல்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இதையெல்லாம் ஏன் நோண்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோழர்கள் கேலி பண்ணுவார்கள். கல்வெட்டில் யார் பெயரை வெட்டியிருக்கிறார்கள், யார் பெயரை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினவர்களுக்கு இது ஒன்றும் புது வேலை இல்லை. உறுப்பினர் பெயர், தொகுதி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று மூன்றே கட்டம்தான். ஆனால் ஒரு நாட்டில் யார் ஆண்டார்கள், யார் ஆளப்பட்டார்கள் என்பது அந்த மூன்று கட்டத்துக்குள் உறைந்து கிடக்கும்.

நியூசிலாந்துப் பிரதிநிதிகள் சபையின் 19-ஆம் நூற்றாண்டுப் பட்டியலும் அப்படித்தான். அன்றைக்கு அது பிரிட்டிஷ் காலனி. 1868-ல் இருந்த தொகுதிகளை வரிசையாகப் பார்த்தால் நெல்சன், நேப்பியர், வாங்கனூயி, கையாபோய் என்று போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்ப் பெயரோ வட்டாரப் பெயரோ இருக்கிறது. அவற்றோடு ஒட்டாமல் நாலு தொகுதிகள் தனியாக நிற்கின்றன: வடக்கு மாவோரி, கிழக்கு மாவோரி, மேற்கு மாவோரி, தெற்கு மாவோரி. இந்த நாலுக்கும் ஊர்ப் பெயர் கிடையாது. திசை மட்டும்தான்.

நமக்கு இது புரியும். ஊருக்குப் பெயர் இருக்கும். நம்ம தெருவுக்குக் கீழத்தெரு, தெற்குத்தெரு என்று திசைதான் இருக்கும். யாருக்குக் கிழக்கு, எதற்குத் தெற்கு என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் நிற்கிறவன்தான் திசை சொல்வான். இதில் இன்னொரு கொடுமை, வாங்கனூயி, கையாபோய் என்பதெல்லாம் மாவோரி மொழிப் பெயர்கள். ஊரையும் ஊர்ப் பெயரையும் எடுத்துக்கொண்டவர்கள், அந்த ஊர்க்காரர்களுக்குத் திசையை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள்.

நியூசிலாந்து உலகத்திலேயே முதன்முதலில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கொடுத்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். 1893-ல் கொடுத்தது, உண்மைதான். பூர்வகுடிகளுக்கு 1867-லேயே நாடாளுமன்றத்தில் இடம் கொடுத்த தாராள நாடு என்றும் எழுதுகிறார்கள். அதுவும் உண்மைதான். அந்தத் தாராளத்தின் கணக்கைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். இட ஒதுக்கீடு, தனித்தொகுதி, பிரதிநிதித்துவம் என்ற சொற்களை நாள்தோறும் பேசுகிற நமக்கு இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

1840-ல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி மாவோரிகளுக்கு பிரிட்டிஷ் குடிமக்களின் உரிமைகள் எல்லாம் உண்டு. 1852-ல் லண்டன் நாடாளுமன்றம் நியூசிலாந்துக்கு ஓர் அரசியல் சட்டம் போட்டுக்கொடுத்தது. 1853-ல் முதல் தேர்தல், 1854-ல் ஆக்லாந்தில் முதல் கூட்டம், 37 உறுப்பினர்கள். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 21 வயதான ஆண், பிரிட்டிஷ் குடிமகன், சொத்து இருக்க வேண்டும். அவ்வளவுதான். 50 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம், அல்லது வருஷம் 10 பவுண்டு குத்தகை, அல்லது நகரத்தில் 10 பவுண்டு, கிராமத்தில் 5 பவுண்டு வாடகை பெறுமான வீடு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கேதான் சூட்சுமம். மாவோரிகளிடம் நிலம் இல்லாமல் இல்லை. 1860-ல்கூட வடக்குத் தீவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் அது குலத்துக்குப் பொதுவான நிலம். தனிப்பட்டா கிடையாது. பட்டா இல்லாதவனுக்குச் சொத்து இல்லை, சொத்து இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. ஒரு தீவையே வைத்திருந்தவர்கள் ஒரு சட்டத்தின் முன்னால் ஒன்றுமில்லாதவர்களாகிப் போனார்கள். 1853 தேர்தலில் பதிவான சுமார் 5,800 வாக்காளர்களில் மாவோரிகள் ஏறக்குறைய 100 பேர்தான். அன்றைக்கு அவர்கள் மக்கள்தொகை 50,000-க்கும் மேல். பொது நிலத்தை வைத்து ஓட்டுக் கேட்க முடியாது என்று லண்டனில் இருந்த அரசு வழக்கறிஞர்கள் 1859-ல் கருத்துச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

சாதி பேரையோ நிறத்தின் பேரையோ சொல்லாமல் ஒருத்தனை வெளியே நிறுத்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நிபந்தனை எல்லாருக்கும் பொது. ஆனால் யாரால் நிறைவேற்ற முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்த நிபந்தனை.

ஓட்டு இல்லாத சபையில் நிலம் பற்றிய சட்டங்கள் மட்டும் வேகமாக வந்தன. 1860-ல் தரநாக்கியில் சண்டை, 1863-64-ல் வைகாட்டோவில் சண்டை. எதிர்த்து நின்ற குலங்களின் நிலத்தைப் பறிக்க 1863-ல் ஒரு சட்டம். அதன்படி பறிமுதல் செய்யப்பட்டது 10 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். 1865-ல் பூர்வகுடி நில நீதிமன்றச் சட்டம். அது குலத்தின் பொது நிலத்தைத் தனிப்பட்டாவாக மாற்றியது. 5,000 ஏக்கருக்குக் குறைந்த நிலமானால் பத்துப் பேருக்கு மேல் பட்டாவில் பெயர் சேர்க்கக் கூடாது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சொந்தமான நிலம் பத்துப் பேர் பெயருக்குப் போனது. பத்துப் பேரை மடக்கினால் போதும், நிலம் கைமாறிவிடும். நம்ம ஊரில் பஞ்சமி நிலம் கைமாறின கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் வெள்ளையரிலும் மனசாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற உறுப்பினர் 1862-லேயே மாவோரிகளுக்குச் சம அரசியல் உரிமை வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தோற்கடித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, நேப்பியர் தொகுதி உறுப்பினர் டொனால்டு மெக்லீன் கொண்டுவந்த மாவோரி பிரதிநிதித்துவ மசோதா 1867-ல் நிறைவேறியது. அவர் மாவோரி மொழி தெரிந்தவர். மாவோரி நிலங்களை அரசுக்கு வாங்கிக் கொடுக்கும் அதிகாரியாக இருந்தவரும் அவரேதான்.

சட்டம் சொன்னது இதுதான்: 21 வயதான எல்லா மாவோரி ஆணுக்கும் ஓட்டு உண்டு, சொத்துத் தகுதி வேண்டாம். ராஜத் துரோகம் மாதிரியான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை. மொத்த நாட்டையும் நாலாகப் பிரித்து நாலு தொகுதி. வடக்குத் தீவுக்கு மூன்று, தெற்குத் தீவு முழுவதற்கும் ஒன்று. முதலில் ஐந்து ஆண்டுக்கு மட்டும்.

வெள்ளைக்கார ஆண்கள் எல்லாருக்கும் சொத்துத் தகுதியில்லாமல் ஓட்டுக் கிடைத்தது 1879-ல்தான். ஆக, மாவோரி ஆண்களுக்கு 12 ஆண்டு முன்னாடியே கிடைத்துவிட்டது! வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஆச்சரியக்குறி போட்டு எழுதுகின்றன. நாம் அந்த ஆச்சரியக்குறியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்போம்.

அப்போது மாவோரிகள் சுமார் 50,000 பேர். அவர்களுக்கு 4 இடம். அதாவது 12,500 பேருக்கு ஒருவர். வெள்ளையருக்கு 72 இடம், அதாவது மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருவர். தலையை எண்ணி இடம் கொடுத்திருந்தால் மாவோரிகளுக்கு 14 முதல் 16 இடம் வந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளையனுக்குச் சமமாக மூன்றரை, நாலு மாவோரியை நிறுத்தி வைத்தது அந்தத் தராசு.

ஏன் நாலு? மூன்றோ, எட்டோ ஏன் இல்லை? இதற்கு நியாயம் எதுவும் கணக்கில் இல்லை, பேரத்தில் இருக்கிறது. அப்போது தெற்குத் தீவின் மேற்குக் கரையில் தங்கம் கிடைத்துக் கூட்டம் பெருகியிருந்தது. அங்கே சுரங்க உரிமச் சீட்டு வைத்திருந்தாலே ஓட்டு உண்டு. அவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுக்கும் சட்டமும் அதே 1867-ல்தான் வருகிறது. தெற்குக்கு இடம் கூடினால் வடக்குக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மாவோரி இடங்களில் மூன்று வடக்கில் விழுவதால் தராசு நேராகும். வெள்ளையர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வடக்கு தெற்குக் கணக்கில் மாவோரிகள் படிக்கல்லாக வைக்கப்பட்டார்கள்.

ஐந்து ஆண்டு என்று காலம் குறித்ததற்கும் காரணம் உண்டு. அதற்குள் நில நீதிமன்றம் பொது நிலத்தையெல்லாம் தனிப்பட்டா ஆக்கிவிடும், மாவோரிகளும் சொத்துத் தகுதியோடு பொதுப் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். அதாவது ஒரு குலம் குலமாக இருப்பது நிற்கும்வரைதான் இந்த ஏற்பாடு. குலம் கரையவில்லை. 1872-ல் இன்னும் ஐந்து ஆண்டு நீட்டினார்கள். 1876-ல் கால வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

முதல் தேர்தல் 1868-ல் நடந்தது. வடக்கிலிருந்து பிரெடரிக் நேனே ரஸல், கிழக்கிலிருந்து தரேஹா தே மோவனானூயி, மேற்கிலிருந்து மேத்தே கிங்கி, தெற்கிலிருந்து ஜான் பேட்டர்சன் என்று பதிவான ஹோவானி பராதேனே. தரேஹாவும் மேத்தே கிங்கியும் சண்டையில் அரசாங்கத்தின் பக்கம் நின்றவர்கள். எதிர்த்து நின்ற அரசர் இயக்கத்துக் குலங்கள் ஆரம்பத்தில் இந்தத் தேர்தல்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. எங்கள் நிலத்தைப் பிடுங்கினவன் போட்ட நாற்காலியில் நாங்கள் ஏன் உட்கார வேண்டும் என்பது அவர்கள் நிலை. அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சபையில் பேசிய முதல் மாவோரி தரேஹா. பேச்சு மாவோரி மொழியில், மொழிபெயர்ப்பாளர் வழியாக. விவாதமும் சட்டமும் நடப்பதோ ஆங்கிலத்தில். பக்கத்து நாற்காலிக்காரன் என்ன சொல்கிறான் என்பது இன்னொருத்தன் வாய்வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு.

ஓட்டுப் போட்ட முறை எப்படி? வெள்ளையர் தொகுதிகளில் 1870-ல் ரகசிய வாக்குச்சீட்டு வந்துவிட்டது. மாவோரித் தொகுதிகளில் அது வந்தது 1938 தேர்தலில். அதுவரைக்கும் மாவோரி வாக்காளர் தேர்தல் அதிகாரி முன்னால் போய் நின்று, நான் இன்னாருக்குப் போடுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவன் பார்க்கிறான், அதிகாரி பார்க்கிறான், சொந்தத் தலைவனும் பார்க்கிறான். நம்ம ஊர்களில் பண்ணையாரின் கண் பட ஓட்டுச்சாவடிக்குப் போய்வந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தக் கண்ணை அவர்கள் மறக்கவில்லை. மாவோரிகளுக்கு 1868-லிருந்து கணக்குப் போட்டால் 70 ஆண்டு அந்தக் கண்ணுக்கு முன்னால் வாழ்க்கை.

வாக்காளர் பட்டியல்? அதுவும் இல்லை. மாவோரி வாக்காளர் பட்டியல் தயாரித்துத் தேர்தல் நடத்தியது 1949-ல்தான். எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறது என்றே எழுதி வைக்காமல் 80 ஆண்டு தேர்தல் நடத்தியிருக்கிறார்கள். வாக்குப்பதிவு நாளும் வேறு. வெள்ளையர்கள் ஒரு நாள், மாவோரிகள் வேறொரு நாள். 1951-ல்தான் ஒரே நாளில் ஓட்டுப் போட்டார்கள். உலகமே கொண்டாடுகிற அந்த 1893 தேர்தலில் வெள்ளைக்காரப் பெண்கள் ஓட்டுப் போட்டது நவம்பர் 28-ல். மாவோரிப் பெண்கள் போட்டது டிசம்பர் 20-ல். வாக்குரிமையிலும் தனிக்குவளை இருந்திருக்கிறது.

இவ்வளவையும் சொன்னதால், அந்த நாலு பேரும் பொம்மைகள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவதே இந்த இடம்தான்.

1871-ல் வந்த இரண்டாவது தலைமுறை உறுப்பினர்கள் வேறு மாதிரி. கட்சிகள் உருவாகாத காலம் அது. நாலைந்து ஓட்டில் அமைச்சரவைகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. அதனால் நாலு ஓட்டுக்கும் ஒரு விலை இருந்தது. 1872-ல் மேற்கு மாவோரி உறுப்பினர் வி பராதாவும் வடக்கு மாவோரி உறுப்பினர் வி கதேனேவும் நிர்வாகக் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். அதே வி பராதா தன் குலம் பள்ளிக்கூடம் கட்டுவதற்காகத் திருச்சபைக்குக் கொடுத்த நிலத்துக்காக நீதிமன்றம் போனார். நிலத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடம் கட்டவே இல்லை. 1877-ல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், நிலத்தைத் தர முடியாது என்றதோடு நிற்காமல், வைத்தாங்கி ஒப்பந்தமே செல்லாத ஒன்று என்று தீர்ப்பு எழுதினார். நிர்வாகக் குழு வரைக்கும் போனவருக்கே இந்த நீதி.

தெற்கு மாவோரி உறுப்பினர் ஹோரி கெரெய் தையரோவா இன்னொருவர். அவருடைய நை தாஹு குலத்திடமிருந்து 1848-ல் தெற்குத் தீவின் பெரும்பகுதியை 2,000 பவுண்டுக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். விட்டுத் தருவதாகச் சொன்ன நிலங்களை விடவில்லை. தையரோவா சபையில் இதையே திரும்பத் திரும்பப் பேசினார். அலுக்காமல் பேசினார். 1879-ல் ஒரு விசாரணைக் குழு போட வைத்தார். மறு ஆண்டே அந்தக் குழுவுக்குப் பணத்தை நிறுத்தினார்கள். ஆனால் அங்கே சேகரித்த சாட்சியங்கள் அழியவில்லை. குலத்தின் கோரிக்கை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, 1998-ல் அரசு மன்னிப்புக் கேட்டு 17 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பீட்டுக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது.

1881 நவம்பர் 5-ல் பாரிஹாகா என்ற ஊருக்குள் படை புகுந்தது. அந்த ஊர் செய்த குற்றம், பறிமுதல் செய்த தங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியதும், அளவுக்கல்லைப் பிடுங்கியதும், வேலி போட்டதும்தான். ஆயுதம் எடுக்கவில்லை. ஏர் ஓட்டினவர்களை விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்கச் சட்டம் போட்டது இதே சபைதான். நாலு பேரின் ஓட்டால் அதைத் தடுக்க முடியவில்லை. எண்ணிக்கை என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

1893-ல் வடக்கு மாவோரி உறுப்பினராக வந்த இளைஞர் ஹோனே ஹேக்கே நாபுவா. மாவோரிகள் தங்கள் விவகாரங்களைத் தாங்களே ஆள உரிமை கேட்டு 1894-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். எதிர்த்துப் பேசித் தோற்கடித்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. வெள்ளை உறுப்பினர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். போதிய உறுப்பினர் இல்லை என்று சபை கலைந்தது. நாம் பேச ஆரம்பித்ததும் திண்ணையிலிருந்து எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இதனால்தான் மாவோரிகள் தங்களுக்கென்று வேறு சபைகளும் கூட்டினார்கள். 1892-ல் வைபாத்துவில் கொதஹிதங்கா நாடாளுமன்றம் கூடியது. 1893-ல் அந்தச் சபையில் மேரி தே தை மங்காகாஹியா என்ற பெண் எழுந்து, பெண்களுக்கு ஓட்டுரிமை மட்டுமில்லை, உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார். நிலம் வைத்திருக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆண்கள் ராணியிடம் முறையிட்டு ஒன்றும் நடக்கவில்லை, பெண்கள் கேட்டால் ராணி ஒருவேளை காது கொடுப்பார் என்பது அவர் வாதம். அந்த ஆண்டு நாட்டில் வந்த சட்டம் பெண்களுக்கு ஓட்டை மட்டும்தான் கொடுத்தது. ஒடுக்கப்பட்டவர்களின் சபையில் ஒரு பெண் கேட்டது அதைவிடப் பெரியது.

இப்போது எண்ணிக்கைக்கே வருகிறேன். 1867-ல் நாலு. சபையின் அளவு மாறிக்கொண்டே இருந்தது. 1881 தேர்தலில் மொத்தம் 95 பேர், 1890-ல் 74 பேர், 1902-ல் 80 பேர். வெள்ளையர் தொகுதிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கூட்டினார்கள், குறைத்தார்கள், எல்லையை மாற்றி மாற்றி வரைந்தார்கள். மாவோரித் தொகுதி மட்டும் நாலு. அசையவே இல்லை. இதைவிட ஒரு வேடிக்கை, 1881-லிருந்து கிராமப்புறத்துக்கு என்று ஒரு சலுகைக் கணக்கு இருந்தது. 1889-லிருந்து கிராமப்புற வெள்ளையர் மக்கள்தொகையோடு 28 சதவீதம் சேர்த்து எண்ணினார்கள். 1,000 பேர் இருந்தால் 1,280 என்று எழுதிக்கொள்வார்கள். 1945 வரை இது நடந்தது. ஆட்டுப் பண்ணைக்காரனை ஒன்றே கால் ஆளாக எண்ணின நாடு, அதே கிராமப்புறத்தில் வாழ்ந்த மாவோரியைத் தொகுதிக் கணக்கில் எண்ணவே இல்லை. 1896-ல் நோயாலும் நிலமிழப்பாலும் தேய்ந்து 42,000 சொச்சமாக இருந்த மக்கள் பிறகு பல மடங்கு பெருகினார்கள். அப்போதும் நாலுதான். மக்கள்தொகைக்கு ஏற்பக் கூட்டலாம் என்று 1975-ல் ஒரு அரசாங்கம் சட்டம் போட்டது. அடுத்து வந்த அரசாங்கம் 1976-ல் அதைத் தூக்கிவிட்டுப் பழைய நாலையே வைத்தது.

ஆக, மாவோரிகளுக்கு ஒன்று கொடுக்கப்பட்டது, ஒன்று மறுக்கப்பட்டது. தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. தெற்கு மாவோரியில் யார் ஜெயிக்க வேண்டும் என்று வெள்ளையன் ஓட்டுப் போட முடியாது. ஆனால் தலைக்கணக்கு மறுக்கப்பட்டது.

1932-ல் நமக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாவோரியும் தலித்தும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நிலமும் மொழியும் தலைவர்களும் உள்ள பூர்வகுடிகள். அவர்களை ஒடுக்கியவன் கப்பலில் வந்தவன். நம்மை ஒடுக்கியவன் பக்கத்துத் தெருக்காரன். ஆனால் பிரதிநிதித்துவம் என்ற பொறி இரண்டு இடத்திலும் எப்படி வேலை செய்தது என்று ஒப்பிடலாம். ஒப்பிடத்தான் வேண்டும்.

அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் வாதாடியதற்குப் பிறகு, 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாகக் கொடுத்தது. பொதுத்தொகுதியிலும் ஒரு ஓட்டு உண்டு. காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 24-ந் தேதி பூனா ஒப்பந்தம். 71 என்பது 148 ஆனது. சென்னை மாகாணத்தில் 18 என்பது 30 ஆனது. எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் யார் உறுப்பினர் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது எல்லா வாக்காளரும் சேர்ந்த கூட்டுத்தொகுதி. முதல் சுற்றில் நம்ம மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேர் பட்டியல் தரலாம். அந்த நாலில் யார் என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த முதல் சுற்றும் பத்து ஆண்டுக்குத்தான்.

அவர்களுக்குத் தேர்வைக் கொடுத்து எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு எண்ணிக்கையைக் கொடுத்துத் தேர்வைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே கையில் எந்த ஆதிக்கமும் தானாகக் கொடுத்ததில்லை. எதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அந்தந்த ஊர் ஆதிக்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தேர்வு கையில் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். அரசியல் சட்டத்தை எழுதின அம்பேத்கரே 1952-ல் வட பம்பாயிலும் 1954-ல் பண்டாராவிலும் தோற்கடிக்கப்பட்டார். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். மனுப்போட ஆளில்லாமல் செய்வது, ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைப்பது என்று பத்து ஆண்டு, 2006 வரை, ஒரு தலைவரை உட்கார விடவில்லை. மேலவளவில் துணிந்து உட்கார்ந்த முருகேசனையும் அவரோடு போனவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். நாற்காலி நம்ம பேரில் இருந்தது. அதில் யார் உட்கார்வது, எத்தனை நாள் உட்கார்வது என்ற முடிவைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கொலை வரைக்கும் போனார்கள்.

அந்த நாலு எப்போது உடைந்தது? 1986-ல் நியூசிலாந்துத் தேர்தல் சீர்திருத்த ஆணையம், விகிதாச்சார முறை வந்தால் மாவோரித் தொகுதிகளே தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றது. பிச்சை என்று ஆரம்பித்தது, சலுகை என்று நீடித்தது, இப்போது எடுத்துவிடலாம் என்று வந்து நின்றது. அப்போது மாவோரிகள் ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் தங்களைக் குறுக்கி வைத்த அதே தொகுதிகளை விட்டுத்தர மாட்டோம் என்று நின்றார்கள். கேட்டது இரண்டுதான்: தொகுதி இருக்க வேண்டும், அது எத்தனை என்பதை எங்கள் தலைக்கணக்கு முடிவு செய்ய வேண்டும். 1993 சட்டம் இரண்டையும் ஏற்றது. மாவோரிப் பட்டியலில் எத்தனை பேர் சேர்கிறார்களோ அதைப் பொறுத்து இடம். 1996 தேர்தலில் 5, 1999-ல் 6, 2002-ல் 7. நாலிலிருந்து ஐந்துக்குப் போக 129 ஆண்டு ஆனது. அப்போதும் அந்தச் சட்டம் மாவோரித் தொகுதிகளுக்கு விசேஷப் பாதுகாப்புக் கொடுக்கவில்லை. தேர்தல் சட்டத்தின் முக்கியமான சில பிரிவுகளை மாற்ற நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். மாவோரித் தொகுதிகளை எடுக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கொடுத்தவன் எந்த எண்ணத்தில் கொடுத்தான் என்பது ஒரு கேள்வி. வாங்கினவர்கள் அதை என்னவாக மாற்றினார்கள் என்பது வேறு கேள்வி. தங்க வேட்டைக்காரர்களுக்கு எடைக்கு எடை சரிக்கட்ட வைத்த நாலு நாற்காலியில் உட்கார்ந்துதான் தையரோவா தன் குலத்தின் கணக்கைக் கேட்டார். மகன்களும் பேரன்களும் கேட்கும்படி பதிவு பண்ணி வைத்துவிட்டுப் போனார்.

தொகுதி மறுவரையறை, சுழற்சி முறை, தனித்தொகுதி தேவையா இல்லையா என்று பேச்சுக் கிளம்பும்போதெல்லாம் நம்ம பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். எத்தனை இடம் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எல்லைக்கோட்டை வரைவது யார், நம்மை எண்ணுவது யார், கடைசி ஓட்டு யார் கையில் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டுப் பழக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற கையை, இந்த மூன்று கேள்வியும் சேர்ந்தால்தான் முன்னால் கொண்டுவர முடியும்.